மருந்து என்று நான் எழுதாதது

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், ஹடப்சரில் அலுவலகப் பேருந்தின் இரண்டாவது படியில் என் வலது கால் ஏற மறுத்தது. வலி இல்லை. தூக்கப் பார்த்தேன், தூக்க வரவில்லை.

2. அதற்கு முன்பே மூன்று வாரமாகக் கெண்டைக்கால் சதை பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. செருப்பை மாற்றியிருந்தேன்.

3. தெருமுனை மருத்துவர் ரத்த அழுத்தம் பார்த்தார். கருவியைத் தட்டிவிட்டு மறுபடி பார்த்தார். 170க்கு 110. எனக்கு வயது இருபத்தாறு.

4. மறுநாள் பெரிய மருத்துவமனையில் ரத்தத்தில் பொட்டாசியம் 2.4 என்று வந்தது. அது 3.5க்குக் கீழே போகக்கூடாதாம். அன்றே படுக்க வைத்தார்கள்.

5. சொட்டு மருந்தில் பொட்டாசியம் ஏற்றினார்கள், ஏறியது. மறுநாள் இறங்கியது. மறுபடி ஏற்றினார்கள். மறுபடி இறங்கியது.

6. ஸ்கேனில், இடது சிறுநீரகத்தின் மேல் இருக்கும் சுரப்பியில் பட்டாணி அளவு ஒரு கட்டி தெரிந்தது.

7. வெள்ளைக் கோட்டு போட்ட, ஸ்டெதாஸ்கோப் இல்லாத ஒரு பெண் மூன்று முறை என் கட்டிலருகே வந்து கேள்வி கேட்டாள். அவளை யார் அனுப்புகிறார்கள் என்று கண்டுபிடிக்க முயன்றேன்.

இதை நான் எழுதுவது அந்த ஏழாவதற்காக.

முதலில் என் வேலையைச் சொல்ல வேண்டும். ஈரோட்டில் மின்னணுப் பொறியியல் படித்துவிட்டு, மராத்தி பேசும் ஊரான ஹடப்சரில் ஒரு நிறுவனத்தில் தொழில்நுட்ப உதவிப் பிரிவில் சேர்ந்தேன். இங்கிலாந்தில் யாருக்காவது இணைய இணைப்பு வேலை செய்யவில்லை என்றால் அந்த அழைப்பு எங்கள் தளத்துக்கு வரும். மதியம் ஒன்றரைக்குத் தொடங்கினால் ஒரு நாளைக்கு அறுபது அழைப்புகள். எல்லா வாடிக்கையாளரும் முதலில் சொல்வது ஒன்றுதான்: நான் எதையும் மாற்றவில்லை. அது உண்மையாக இருந்து நான் பார்த்ததில்லை. அவர்கள் பொய் சொல்வதும் இல்லை. தாங்கள் செய்ததை 'மாற்றம்' என்று அவர்கள் எண்ணுவதில்லை, அவ்வளவுதான். அதனால் 'கம்பி சரியாகச் செருகியிருக்கிறதா' என்று நாங்கள் கேட்க மாட்டோம். கேட்டால் கோபம் வரும். 'கம்பியை வெளியே எடுங்கள், முனையில் தூசி இருந்தால் ஊதுங்கள், மறுபடி செருகுங்கள்' என்போம். ஊதுவதற்காக எடுக்கும்போது, அது செருகப்படாமலே கிடந்தது அவர்களுக்கே தெரிந்துவிடும்.

இப்படிக் கேள்வி கேட்டுப் பிழைப்பவளுக்கு, தன்னை யாராவது கேள்வி கேட்டால் சந்தேகம்தான் வரும்.

அவள் முதலில் வந்தது நான் சேர்ந்த மறுநாள், வியாழக்கிழமை. கையில் அட்டை, பேனா. இந்தியில் தொடங்கினாள். அட்டையில் என் பெயரைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

"நீங்க தமிழா அக்கா? நானும் தமிழ்தான். மத்லப், வீட்ல."

'அதாவது' என்பதற்கு இந்தியில் 'மத்லப்' என்றாள். என் வயதுதான் இருக்கும். பெயர் ஸ்டெல்லா. இங்கேயே போபோடியில் பிறந்து வளர்ந்தவள், அப்பாவுக்குக் கட்கியில் தொழிற்சாலை வேலை. தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. இவையெல்லாம் நான் கேட்காமலே அவள் சொன்னவை. கேட்காமல் சொந்தக் கதை சொல்கிறவர்களிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று எங்கள் பயிற்சியிலேயே உண்டு. எதிராளியைப் பேச வைக்க நாங்களும் அதைத்தான் செய்வோம்.

"வீட்ல என்ன என்ன மருந்து சாப்பிடுறீங்க?"

கைப்பையிலிருந்து என் பட்டியலை எடுத்துக் கொடுத்தேன். தட்டச்சு செய்த ஒரு பக்கம். இரும்புச்சத்து மாத்திரை, வாரம் இரண்டு. தலைவலிக்குப் பாரசிட்டமால், மாதம் ஒன்றோ இரண்டோ. கண்ணுக்குச் சொட்டு மருந்து, திரையைப் பார்க்கும் நாட்களில். ஒவ்வொன்றுக்கும் எதிரே தொடங்கிய தேதி, அளவு, எழுதிக் கொடுத்த மருத்துவர்.

"இத எப்போ டைப் பண்ணீங்க?"

"போன வருஷம். மாசா மாசம் திருத்துவேன்."

"ரொம்ப நீட்டா இருக்கு" என்றாள், குறை சொல்வது போல. பிறகு, "உடம்பு இளைக்க ஏதாவது எடுக்கிறீங்களா?"

"இல்ல."

"வயிறு கிளீன் ஆக?"

"இல்ல."

"சாப்பிட்டு முடிச்சு வாந்தி... மத்லப், நீங்களே வெரல விட்டு?"

"நீங்க டாக்டரா?"

"இல்ல அக்கா. ஃபார்மசிஸ்ட்."

"மருந்துக் கடையா?"

"கடை கீழ இருக்கு. நான் மேல." சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. மருந்துக் கடையில் நிற்க வேண்டியவருக்கு வார்டில் என்ன வேலை?

அவள் போன பிறகு, கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டையை எடுத்துப் பார்த்தேன். நோயாளி அதைப் பார்க்கக்கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. மருத்துவர் கையெழுத்தில், இளைக்கும் மாத்திரை, பேதி மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை என்று வரிசையாகப் போட்டு, பக்கத்தில் 'நோயாளி மறுக்கிறார்' என்றிருந்தது. 'இல்லை என்கிறார்' என்று எழுதியிருக்கலாம். 'மறுக்கிறார்' என்றால், செய்திருக்கிறேன் என்று அவர்களே முடிவு கட்டிவிட்டது போல இருந்தது. அன்று காலை காரணம் சொல்லாமல் சிறுநீர் வாங்கிப் போனது ஏன் என்று அப்போது புரிந்தது. ஒல்லியான இளம்பெண்ணுக்குப் பொட்டாசியம் குறைந்தால், அவள் எதையோ ஒளித்துத் தின்கிறாள் என்பதுதான் அவர்களின் முதல் சந்தேகம்.

எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. எங்கள் தளத்தில் ஒருவனுக்கு முந்தைய ஆண்டு காப்பீடு கிடைக்கவில்லை. பழைய நோயை மறைத்தான் என்று காரணம் சொன்னார்கள். மருத்துவமனையில் யாரிடமோ பேச்சுவாக்கில் சொன்ன ஒரு வரிதான் அவர்கள் கையில் இருந்த ஆதாரம். தமிழ் பேசும் ஒரு பெண்ணைத் தமிழ் நோயாளியிடம் அனுப்பினால் அப்படி எத்தனை வரி கிடைக்கும்?

வெள்ளிக்கிழமை அம்மா ரயிலில் வந்து சேர்ந்தார். இந்தி ஒரு சொல் தெரியாது. ஒரு பை நிறையப் பொடி வகைகளும் ஒரு ஃப்ளாஸ்க்கும் கொண்டு வந்திருந்தார். கேன்டீன்காரரிடம் ஃப்ளாஸ்க்கைத் திறந்து காட்டி வெந்நீர் வாங்கும் அளவுக்கு அரை நாளில் பழகிவிட்டார்.

அங்கு நாட்கள் எப்படிப் போயின என்று கேட்டால், சொட்டு மருந்தோடு போயின என்பேன். பொட்டாசியம் ஏறும்போது கையில் நரம்போடு எரிகிறது. வேகத்தைக் குறைத்தால் எரிச்சல் குறையும், நேரம் கூடும். எரிகிறது என்று சொன்னால், ஒரு நர்ஸ் குறைப்பார், இன்னொருவர் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போவார். யார் எந்த நேரப் பணியில் வருகிறார்கள் என்று குறித்து வைத்தேன். மார்பில் ஒட்டிய கம்பிகள் இதயத்தைப் படமாக வரைந்துகொண்டிருந்தன. பொட்டாசியம் என்பது தசை சுருங்கி விரிய உதவும் உப்பு. இதயமும் தசைதான். கால் நின்றுபோனது போல அதுவும் நின்றுவிடக்கூடாது என்பதற்காகக் கம்பிகள். இதை யாரும் அம்மாவிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

சனிக்கிழமை என்னை ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தபோது அம்மா உற்சாகமாக இருந்தார்.

"அந்த அம்மிணி வந்திருந்தா. நம்மூர்ப் புள்ளையாட்டவே பேசறா, நடுவால இந்தி வந்து விழுந்துருது, பாவம்."

"என்னம்மா கேட்டா?"

"சின்னதுல உனக்கு என்னென்ன நோவு வந்துச்சு, குடும்பத்துல ஆருக்காச்சும் ரத்தக் கொதிப்பு இருக்குதான்னு கேட்டா. அப்பறம் மாசாமாசம் ஒழுங்கா ஆகுதான்னு."

"நீ சொன்னியா?"

"கேட்டாச் சொல்ல வேண்டாமா கண்ணு?"

"நான் இல்லாத நேரமாப் பாத்து வந்திருக்கா, அது உனக்குத் தெரியலையா?"

"உனக்கு எல்லாத்துலயும் ஒரு சந்தேகம். ஊர்ல இருந்து மருந்து ஏதாச்சும் கொண்டாந்தீங்களான்னு கூடக் கேட்டா. என்ற புள்ளைக்கு நான் மருந்தே குடுத்ததில்லைன்னு ஒரே போடாப் போட்டேன்." சொல்லிக்கொண்டே ஃப்ளாஸ்க்கைத் திறந்து எனக்கு ஊற்றினார். வாய் வறட்சிக்கு இதமாக இருந்தது. குடித்தேன்.

திங்கட்கிழமை அறுவை மருத்துவர் வந்தார். விளக்கம் தெளிவாகவே இருந்தது. சிறுநீரகத்தின் தலையில் தொப்பி போல உட்கார்ந்திருப்பது அட்ரினல் சுரப்பி. அது சுரக்கும் ஒரு ஹார்மோன், 'உப்பைப் பிடித்து வை, பொட்டாசியத்தை வெளியே தள்ளு' என்று சிறுநீரகத்துக்கு உத்தரவு போடுகிறது. அந்த ஹார்மோன் மிகுந்தால் அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். என் கட்டிதான் அதை அதிகமாகச் சுரக்கிறது. மூன்று சிறிய துளை போட்டு இடது சுரப்பியையே எடுத்துவிடலாம். வியாழக்கிழமை தியேட்டரில் இடம் இருக்கிறது.

"ஹார்மோன் அளவு பார்க்க ரத்தம் எடுத்தார்களே, அந்த ரிப்போர்ட்?"

"மும்பைக்குப் போயிருக்கிறது. வர ஒரு வாரம் ஆகும். ஸ்கேனிலேயே தெரிகிறதே."

"கட்டி இருப்பது தெரிகிறது. அது சுரப்பதும் ஸ்கேனில் தெரியுமா?"

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, அதனால் தலையை ஆட்டினார். பொட்டாசியம் அன்று 2.6. தள்ளிப்போட்டால் இதயத்துக்கு ஆபத்து என்றார். அது பொய்யில்லை என்று எனக்குத் தெரியும். படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். போட்டுவிட்டு, ஏன் இவ்வளவு அவசரம் என்று நாள் முழுக்க யோசித்தேன். ஒரு சுரப்பியை எடுத்தால் எடுத்ததுதான். திரும்ப வைக்க முடியாது.

செவ்வாய்க்கிழமை காலை ஸ்டெல்லா மூன்றாவது முறையாக வந்தாள். கையில் அட்டை இல்லை. துணைக்கு இருப்பவருக்கான கட்டிலில், அம்மாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"அக்கா, இன்னிக்கு நான் மருந்து பத்திக் கேக்கவே மாட்டேன். உங்க ஒரு நாள் எப்படிப் போகும், அத மட்டும் சொல்லுங்க. எழுந்ததுல இருந்து. வாயில ஃபர்ஸ்ட் என்ன போகுது?"

கம்பியை எடுத்து ஊதச் சொல்கிறாள் என்று உடனே தெரிந்தது. என் தொழிலை என்னிடமே காட்டுகிறாள். எவ்வளவு தூரம் போகிறாள் பார்க்கலாம் என்று சொல்லத் தொடங்கினேன்.

"பல் தேய்ப்பேன். காபி."

"சக்கரை போட்டா?"

"கம்மியா. பத்து மணிக்குத் தோசை. பன்னெண்டே முக்காலுக்குப் பஸ்."

"பஸ்ல ஏதாவது மெல்லுவீங்களா? சுபாரி, மத்லப் பாக்கு, சிக்லெட்?"

"இல்ல."

"அப்புறம் ஆபீஸ். கால் வருது. அறுபது கால் பேசினா தொண்ட என்ன ஆகும்?"

"காயும். தண்ணி குடிப்பேன்."

"பேசிட்டிருக்கும்போது எப்படித் தண்ணி குடிப்பீங்க? அவன் லைன்ல இருக்கானே."

"அப்பல்லாம் ஒரு குச்சிய வாயில ஒதுக்கிக்குவேன்."

"என்ன குச்சி?"

இதைச் சொல்லும்போது எனக்கு எதுவும் உறைக்கவில்லை. எங்கள் அழைப்புகளைப் பதிவு செய்து, குரல் தெளிவுக்கு மதிப்பெண் போடுவார்கள். கரகரப்பு இருந்தால் மதிப்பெண் போகும். அதனால் என் மேசையில் எப்போதும் ஓர் எவர்சில்வர் டப்பா இருக்கும். அம்மா கூரியரில் அனுப்புவது. எங்கள் குழுவில் பதினொரு பேரும் அதிலிருந்து எடுப்பார்கள். மற்றவர்கள் ஒன்று, இரண்டு. நான் ஏழு, எட்டு. ஒன்றை மென்று முடித்ததும் அடுத்தது.

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பையிலிருந்து இன்னொரு டப்பாவை எடுத்துத் திறந்தார். "அதிமதுரம் அம்மிணி. நாட்டு மருந்துக் கடையில நானே ஒடிச்சுப் பாத்து வாங்குவேன். தொண்டைக்கு அத்தன நல்லது. இங்கயும் சித்த இடிச்சு வெந்நீர்ல போட்டுக் காலையும் சாயங்காலமும் குடுக்கறேன், புள்ளைக்கு வாய் காஞ்சு கெடக்குதே."

ஸ்டெல்லா ஒரு துண்டை முனையில் கடித்துப் பார்த்தாள். முகம் மாறியது.

"இது ஜேஷ்டமத்" என்றாள் மராத்தியில், தனக்குத்தானே. பிறகு, "ஆண்ட்டி, மாசம் எவ்வளவு அனுப்புவீங்க?"

"கால் கிலோ. இப்ப ஆறு மாசமா அரைக் கிலோ. எச்சா வேணும்னு கேட்டா."

"அக்கா, இது உங்க லிஸ்ட்ல இல்லையே."

"அது மருந்து இல்லையே" என்றேன்.

சொல்லி முடிப்பதற்குள் எனக்கே கேட்டது. நான் எதையும் மாற்றவில்லை.

அவள் குற்றம் சாட்டவில்லை. எழுந்து, "இந்த டப்பா எனக்கு வேணும், டாக்டர்கிட்டக் காட்டணும்" என்றாள். ஆனால் என் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகாது. என்னைப் பற்றிய ஆதாரத்தை வாங்கிக்கொண்டு போகிறாள் என்றுதான் முதலில் தோன்றியது. எழுதிக் கொடுத்துவிட்டு எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன்.

"ரசீதா?" என்றாள். பிறகு என் பட்டியலின் பின்பக்கத்திலேயே ஆங்கிலத்தில் எழுதினாள்: எவர்சில்வர் டப்பா ஒன்று, உள்ளே வேர், முக்கால் பங்கு. கையெழுத்து.

"டப்பா திரும்பி வருமா அம்மிணி?" என்றார் அம்மா. "மூடியில என்ற பேரு வெட்டியிருக்குது."

"வரும் ஆண்ட்டி." மூடியில் புள்ளி புள்ளியாக வெட்டிய பெயரைத் தடவிப் பார்த்தாள். "என்ன எழுதியிருக்கு?"

"சரோஜா" என்றேன்.

அன்று மாலையே பொது மருத்துவர் வந்தார். அதிமதுரத்தின் இனிப்பில் இருக்கும் பொருள், சிறுநீரகத்தில் ஒரு பூட்டைத் திறந்து விடுகிறதாம். பூட்டுத் திறந்தால், சுரப்பி உத்தரவு போடாமலே, போட்டது போலச் சிறுநீரகம் வேலை செய்யும். உப்பைப் பிடித்து வைக்கும், பொட்டாசியத்தைத் தள்ளும். இரண்டு குச்சி தின்றால் ஒன்றும் ஆகாது. ஏழெட்டுக் குச்சி, தினம், ஆறு மாதம் என்றால் ஆகும். படுக்கையில் கிடந்தபோதும் காலையும் மாலையும் குடித்தால், ஏற்ற ஏற்ற இறங்கத்தான் செய்யும்.

"அப்படியானால் கட்டி?"

"ஸ்கேன் எடுத்தால் சும்மா கிடக்கும் கட்டிகளும் தெரியும். நிறுத்திப் பார்ப்போம். உள்ளே போனது வெளியேற நாளாகும்."

அதையும் நான் முழுவதாக நம்பவில்லை. சிறுநீர்ச் சோதனையில் மாத்திரை எதுவும் அகப்படாததால் இப்போது வேரைப் பிடித்திருக்கிறார்களோ என்று நினைத்தேன். ஆனால் ஒன்று செய்தேன். நர்ஸ்கள் உட்காரும் மேசைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்துபோய், நான் கையெழுத்திட்ட படிவத்தைக் கேட்டு வாங்கி, 'ரத்த ரிப்போர்ட் வரும்வரை சம்மதம் இல்லை' என்று எழுதித் தேதியும் நேரமும் போட்டேன். அறுவை மருத்துவருக்கு அது பிடிக்கவில்லை. வியாழக்கிழமை இடம் வேறு யாருக்கோ போனது.

திரும்பி வந்தபோது அம்மா ஃப்ளாஸ்க்கைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். அன்று அவர் சாப்பிடவில்லை.

"நாந்தே உன்னக் கொண்டாந்து இந்தக் கட்டில்ல போட்டது."

"மென்னது நான்தானேம்மா."

"அனுப்புனது ஆரு?"

அன்று இரவு அம்மா என் கால்மாட்டில் உட்கார்ந்து, கெண்டைக்காலை விடாமல் பிடித்துவிட்டார்.

மறுநாள் ஸ்டெல்லா வந்தபோது, அம்மா பையில் இருந்த எல்லாவற்றையும் கட்டில் மேல் பரப்பியிருந்தார். இப்போது சந்தேகப்படுவது அவர் முறை.

"இது?"

"பருப்புப் பொடி. சாப்பிடலாம் ஆண்ட்டி."

"இது?"

"கறிவேப்பிலை தானே? அச்சா இருக்கு."

"இது சுக்கு. இதுல ஏதாச்சும் விவகாரம் இருக்குதா?"

"இருந்தா நானே சொல்றேன். எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டா அக்கா என்ன சாப்பிடும்?"

பதினான்கு பொட்டலங்கள். பதினான்கையும் அவள் முகர்ந்து பார்த்தாள். ஒவ்வொன்றையும் என்றைக்கு, எவ்வளவு, எதற்காக என்று கேட்டு எழுதினாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பொட்டலத்தையும் 'மருந்தா' என்று அவள் கேட்கவில்லை.

நான் தனியாக ஓர் அட்டவணை போட்டேன். நிறுத்திய இரண்டாம் நாள் 2.9. நான்காம் நாள் 3.2, சொட்டு மருந்து பாதி. ஆறாம் நாள் 3.4, சொட்டு மருந்து இல்லை. எட்டாம் நாள், எதுவும் ஏற்றாமல், 3.7. மும்பை ரிப்போர்ட்டும் வந்தது. அந்த ஹார்மோன் மிகுந்திருக்கவில்லை. ஏறக்குறைய இல்லவே இல்லை. உத்தரவு தேவைப்படாததால் என் சுரப்பி பல மாதமாக வாயே திறக்கவில்லை. அறுவை மருத்துவர் ரிப்போர்ட்டைப் படித்து, "நல்லது" என்றுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

வீடு திரும்பும் நாளில், எப்படிக் கண்டுபிடித்தாய் என்று ஸ்டெல்லாவைக் கேட்டேன்.

"கண்டுபிடிக்கல அக்கா. உங்க லிஸ்ட் அத்தன நீட்டா இருந்துச்சு. அப்படி யாரும் சாப்பிட மாட்டாங்க. ஆனா மொதல் ரெண்டு தடவ தப்பு என்னோடது. மருந்துன்னு கேட்டா மருந்துதான் வரும். உங்ககிட்டயும் அப்படித்தான் கேட்டேன், ஆண்ட்டிகிட்டயும் அப்படித்தான்."

"நான் நீங்க இன்சூரன்ஸ் ஆளுன்னு நெனச்சேன்."

"நாங்க நீங்க மாத்திரை ஒளிக்கிறீங்கன்னு நெனச்சோம். ஹிசாப் பராபர், கணக்கு நேராயிடுச்சு."

அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசி என் மேசை டப்பாவை எடுத்து வைக்கச் சொன்னேன். எல்லோரும் ஒரு முறை ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளவும் சொன்னேன். ஒருவனுக்குக் கூடுதலாக இருந்தது. வெறும் வேரினாலா என்று சிரித்தான். உன் ஒரு நாளைச் சொல், காலையிலிருந்து, என்றேன்.

இன்றைய நிலை: பொட்டாசியம் 4.1. ரத்த அழுத்த மாத்திரையை ஆறு வாரத்தில் நிறுத்திவிட்டார்கள். படி ஏறுகிறேன். கட்டி இருந்த இடத்திலேயே இருக்கிறது, ஒரு வருடம் கழித்து மறுபடி ஸ்கேன். சும்மா கிடக்கிறது என்கிறார்கள், நான் தேதி குறித்து வைத்திருக்கிறேன். இடது சுரப்பி என்னிடமே இருக்கிறது. பட்டியலின் தலைப்பை மாற்றிவிட்டேன், 'வாய்க்குள் போகிறவை'. இப்போது அது மூன்று பக்கம், நீட்டாக இல்லை. அம்மாவின் டப்பா இன்னும் திரும்பி வரவில்லை. ரசீது என்னிடம் இருக்கிறது.